தொட்டிலுக்கு வாடகை

ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன். பேச்சு இன்னும் வரவில்லை. காலையில் யூனிஃபார்மும் டையுமாகப் போனவன், மாலையில் இடது கையின் உட்புறம், முழங்கைக்குச் சற்று மேலே, பிறை பிறையாக நான்கு நகக்குறிகளுடன் திரும்புகிறான். "அவனாவே கிள்ளிக்கிட்டான் மேடம். இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான் செய்வாங்கன்னு கூகுள்லயே போட்டிருக்கு" என்கிறார் வகுப்பாசிரியை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவன் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். நகமே இல்லாமல் நகக்குறி பதிக்கும் திறமைக்காகவே அவனை ஆண்டுவிழா மேடையில் ஏற்றியிருக்க வேண்டும்.

ஊர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் மற்ற ஊர்ப் பள்ளிகள், எங்களை விட்டுவிட்டீர்களே என்று கோபித்துக்கொள்ளும்.

அடுத்து சிசிடிவி. எந்த அப்பா கேட் முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார், எந்தப் பையன் சட்டையை டக் இன் செய்யாமல் வந்தான் என்று காட்டிக்கொடுக்கும் அந்தக் கேமரா, குறிப்பிட்ட அந்தப் பீரியடில் மட்டும் ரிப்பேர். கேமராவுக்கும் கூச்சம் உண்டு போலிருக்கிறது.

பிறகு கரஸ்பாண்டன்ட் அறை. ஏசி, டீ, சுவரில் 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு பூ' என்று கண்ணாடிச் சட்டம். எதிரே பிரின்சிபால், கோஆர்டினேட்டர், தலைகுனிந்த ஆயாம்மா. (ஆயாம்மாவை எப்போதும் அழைத்து வருவார்கள். யாரையாவது வேலையை விட்டு அனுப்பியே தீர வேண்டும் என்றால், சம்பளம் குறைந்தவர் தயாராக இருக்க வேண்டுமல்லவா?) "எவ்வளவு பெரிய மனசு பண்ணி உங்க பையனைச் சேர்த்தோம் தெரியுமா?" என்று தொடங்குவார் கரஸ்பாண்டன்ட். அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. சட்டத்தை மீறாமல் இருந்ததற்கு அந்த அறையில் பெயர் பெரிய மனசு.

அடுத்த வசனம்: "மற்ற பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க." கடைசி வசனம்: "பையன் கூடவே உட்கார ஒரு ஷேடோ டீச்சர் வெச்சிடுங்க. செலவு உங்களோடது." பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிய காலம் போய்விட்டது. இப்போது கிள்ளிவிட்டுத் தொட்டிலுக்கு வாடகை கேட்கிறார்கள். கட்ட முடியாதென்றால் டி.சி. தயார். கிள்ளியவர் மறுநாளும் அதே வகுப்புக்குப் போவார். கிள்ளுப்பட்டவன் போக மாட்டான்.

கவுன்சிலர் மகனை யாரும் கிள்ளுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவனுக்குப் பேச்சு வரும். அவன் அப்பாவுக்கு அதைவிட நன்றாக வரும். வீட்டில் போய்ச் சொல்லத் தெரியாத பிள்ளையாகப் பார்த்துத்தான் இவர்களுக்குக் கோபமே வருகிறது.

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஆசிரியர்கள் எல்லோரும் நீல உடை, நீல பலூன், முகநூலில் படம். படத்தில் இந்தப் பையன் இல்லை. பலூன் வெடித்தால் கத்துவான் என்று அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிட்டார்கள்.

தனியார் பள்ளிதான் இப்படி என்று அரசுப் பள்ளிகள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், மாணவர்களுக்கு ஊக்கமூட்ட அழைக்கப்பட்ட பேச்சாளர், உடற்குறையோடு பிறப்பது போன ஜென்மத்து வினை என்று பாடம் எடுத்தார். எழுந்து எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். கண் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்த இடம் அது. பேச்சாளர் பிறகு கைதானார். ஆனால் அவர் மைக்கில் சொன்னதை மைக் இல்லாமல் சொல்லும் ஸ்டாஃப் ரூம்களை யார் கைது செய்வது?

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், சிறப்புப் பயிற்சி கிடையாது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. இங்கே சிறப்புப் பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துப் பள்ளி பள்ளியாக அலையவிடுகிறோம். எல்லாம் சரி. பயிற்சி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்தத் தெரியாமல் போகும். கிள்ளாமல் இருக்க எந்தப் பயிற்சி வேண்டும்? அதற்கு பி.எட். போதாதா?

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பிறர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்காகச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு காத்திருக்கிறது. இவ்வளவையும் தாண்டி விவகாரம் ஒரு கப் டீயில் முடிவதுதான் நம் நிர்வாகத் திறன்.

அதனால் பெற்றோரே, அந்த டீயைக் குடிக்காதீர்கள். டி.சி.யில் கையெழுத்துப் போடாதீர்கள். காயத்தை அன்றே படம் எடுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போய், காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்குங்களேன்" என்பார்கள். பேச வராத பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்.