பேரு த்ரீ நாட் த்ரீ, வாயி வேற

மருமவனே, அமெரிக்காவுல நாலு காசு சேத்த, வீடு வாங்குன, காரு வாங்குன. அதோட சும்மா இருந்திருக்கலாம். பழைய பட்டாளத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒண்ணை வாங்கி, ஈயத்தைக் காய்ச்சி, நீயே குண்டு வாத்து அட்டையைச் சுடுதியாம். சுட்டதுல பாதி அட்டைப்பக்கமே எட்டிப் பாக்கல. பட்ட குண்டும் ஓட்டை போடாம நீளவாக்குல கிழிச்சிருக்கு. குப்புறடிச்சில்லா போயிருக்கு! குழலுக்குள்ள ஈயம் அப்பிக் கெடக்குன்னு வேற சொல்லுத. மருந்தைக் குத்தம் சொன்ன, காத்தைக் குத்தம் சொன்ன, கடைசியில செஞ்ச வெள்ளைக்காரனையும் வைஞ்ச. குழலை அளந்தியான்னு கேட்டா மட்டும் போன்ல சிக்னல் போயிருது.

"அதான் 303-ன்னு பேர்லயே இருக்கே மாமா"ங்குத. பேருல என்ன இருக்கு? நம்ம ஊரு கோடீஸ்வரன் வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் முடிச்சான். குழலுக்குள்ள திருகுபோட்டு மேடும் பள்ளமுமா ஓடுது பாரு, அதுல மேட்டுக்கு மேடு அளந்தாத்தான் 0.303 அங்குலம். பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தா 0.311, 0.312-க்குப் போயிரும். ரெண்டாம் உலகப்போர் அவசரத்துல செஞ்ச குழல்ல 0.314, 0.315-ம் உண்டு. ஜெர்மன்காரன் வாசல்ல நிக்கும்போது ஆயிரத்துல ஒரு பங்குக்கு எவன் அழுதான்?

போதாததுக்குக் கார்டைட்டு மருந்து. கடுஞ்சூடு. குண்டு நுழையுற தொண்டையை அரிச்சு அரிச்சே அகலமாக்கிரும். அதைச் சீமையில உள்ளவன் மட்டும் செய்யல. நம்ம நீலகிரி அருவங்காட்டுல 1903-லயே அதுக்குன்னு தொழிற்சாலை வச்சாச்சு. ஆகவே உன் துப்பாக்கித் தொண்டை அரிச்சதுல நம்ம ஊருக்கும் பங்கு இருந்தாலும் இருக்கும், பெருமைப்பட்டுக்கோ.

பட்டாளத்துக்காரன் சுட்டப்ப மட்டும் எப்படிச் சரியாப் போச்சுன்னு கேப்ப. அவன் போட்டது மார்க் 7 குண்டு. 174 கிரெயின் எடை, மேல உலோகச் சட்டை, அடி தட்டை. பெரிய மருந்து குடுக்குற அழுத்தத்துல அந்த அடி விரிஞ்சு பள்ளத்தை அடைச்சுக்கிடும். நீ போடுறதோ சட்டையில்லாத ஈயம், அதுக்குப் பின்னால கொஞ்சூண்டு மருந்து. 0.314 குழலுக்குள்ள 0.311 குண்டைப் போட்டா, வாசர் தேஞ்ச அடிபம்பு மாதிரிதான். நீ அடிக்கிற வேகம் அம்புட்டும் ஓரமாக் கசிஞ்சிரும். அந்தக் கசியுற சூட்டுக் காத்து ஈயத்தை அறுத்து, உருக்கி, குழல்ல பூசிட்டுப் போவும். திருகு பிடிக்காத குண்டு தலைகுப்புற உருளாம என்ன செய்யும்?

இதுக்கு நீ கண்ட வைத்தியம் என்ன? ஈயம் இளசு, கெட்டியாக்குவோம்னு ஆன்டிமனியை அள்ளிப் போட்டியே! நல்லாத்தான் படிச்சிருக்க. கெட்டியான குண்டு விரிஞ்சும் குடுக்காது. பழைய ஆளுக நூத்துக்குத் தொண்ணூறு ஈயம், அஞ்சு வெள்ளீயம், அஞ்சு ஆன்டிமனின்னு ஒரு கலவை வச்சிருக்காக. அதுக்கு மேல கெட்டி எதுக்கு? அளவு தப்புன குண்டு எம்புட்டுக் கெட்டியானாலும் அளவு தப்புன குண்டுதான்.

இப்ப வேலையைக் கேளு. உள்ள தோட்டா இல்லன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டு, போல்ட்டைக் கழட்டி வையி. குழலை எண்ணெய் விட்டுத் தொடை. பள்ளத்து அளவை விடத் துளி பெருசா, சுத்த ஈயத்துல ஒரு உருண்டையை எடுத்து, குழல் வாயில மெல்லத் தட்டி இறக்கி, தண்டை வச்சுத் தள்ளி மறுபக்கம் வாங்கு. குழலோட ஜாதகம் அந்த ஈயத்து மேல எழுதியிருக்கும். மைக்ரோமீட்டரை வச்சு அள. ஸ்கேலை எடுத்துட்டு வந்திராத.

இங்கதான் வெள்ளைக்காரன் ஒரு குசும்பு வச்சான். லீ-என்ஃபீல்டுல வழக்கமா அஞ்சு பள்ளம். ஒத்தப்படை. ஒரு பள்ளத்துக்கு நேரெதிர் மேடுதான் வரும். மைக்ரோமீட்டரைச் சும்மா பிடிச்சா கம்மியாத்தான் காட்டும், நீயும் நம்பிருவ. மெல்லிசு உலோகத் தகடு ஒண்ணை ஈயத்து மேல இறுக்கச் சுத்தி அளந்து, தகட்டுக் கனத்தை ரெண்டு மடங்கு கழிச்சுக்கோ. போர்க்காலத்து ரெண்டு பள்ளக் குழலா இருந்தா தப்பிச்ச.

வந்த அளவோட அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு கூட்டிக்கோ. அதுதான் உன் குண்டு. அச்சு சின்னதா வாக்குதா? ரெண்டு பாதிக்கும் நடுவுல சூடு தாங்குற அலுமினிய டேப்பு ஒரு துண்டு ஒட்டுனா கொஞ்சம் பெருக்கும். பத்தலன்னா பெரிய அச்சு வாங்கு. பெருசாக்குறேன்னு கண்ணை மூடிட்டும் பெருசாக்கிராத. தோட்டாக் கழுத்து அறைக்குள்ள விரிய எடம் இல்லன்னா குண்டை விடாது. அழுத்தம் ஏறும், அது உன் மூஞ்சிக்குப் பக்கத்துல ஏறும்.

குண்டு அளவு தகராறு உன்னோட வந்ததும் இல்ல. 1853 என்ஃபீல்டுக்குக் குழல் 0.577, குண்டு 0.568. கரி படிஞ்சா வாய்வழியாத் திணிக்க முடியல. பிறகு 0.550-க்குக் குறைச்சாக. அடியைக் குடைஞ்ச குண்டு, அது சுடும்போது விரிஞ்சுக்கிடும். 1857 சிப்பாய்க் கலகத்துல என்ஃபீல்டு தோட்டாவுல கொழுப்புத் தடவுன கதையை ஊரே பேசுது, அளவு கதையை ஒருத்தனும் பேசல. நீ தேன்மெழுகு தடவுத, கலகத்துக்கு வாய்ப்பில்ல.

ஈயம் காய்ச்சையில சன்னலைத் தெறந்து வையி. உருகுன ஈயத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் வெடிச்சுத் தெறிக்கும். கையைக் கழுவாம சாப்பிட உக்காராத. பிள்ளைகளை அண்ட விடாத. முதல்ல மைக்ரோமீட்டர் வாங்கு, அப்புறம் அச்சு வாங்கு. அதுவரைக்கும் அந்த வெள்ளைக்காரனை வையாத, அவன் மேல ஒரு குத்தமும் இல்ல.