பன்னிரண்டு சட்டி வாங்கிய பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, சுங்கை பட்டாணி புது வீட்டுக்கு ஒரே பெட்டியில பன்னிரண்டு சட்டி வந்து இறங்கிச்சாமே! குலிம் ஹைடெக் பார்க்குல வேலை பார்க்கிறவன் அப்படித்தான் வாங்கணும். தோட்டத்து லயத்துல எங்களுக்கு ஒரு சோத்துப் பானை, ஒரு குழம்புச் சட்டி, ஒரு தோசைக்கல்லு. அதுல ஒன்பது பேர் தின்னோம். உங்க வீட்டுல ஆளு ரெண்டு, சட்டி பன்னிரண்டு. தலைக்கு ஆறு. நல்லா இருங்க.

அதுல பாதிக்கு மேல எதுக்குன்னு வாங்கின உனக்கும் தெரியாது, அடுக்கி வச்ச உன் பெண்டாட்டிக்கும் தெரியாது. பெட்டி மேல ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறாளே, அவளுக்காவது தெரியுமான்னு கேட்டுச் சொல்லு.

எல்லாமே ஒட்டாத சட்டியாம். 1938-ல குளிர்பெட்டி வாயுவை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்த ஒரு அமெரிக்கன் கையில தற்செயலா அகப்பட்டது அந்தப் பூச்சுச் சாமான். 260 டிகிரிக்கு மேல அதுக்கு ஆகாது. வெறும் சட்டியைப் பெருந்தீயில வச்சுட்டு நீ கைபேசியை நோண்டிக்கிட்டு நின்னா, கொஞ்ச நேரத்துல அதைத் தாண்டிடும். ரொம்பக் காய்ஞ்சா வர்ற புகை கூண்டுக் குருவியையே கொன்னுடும். உன் மாமனார் மெர்போக் குருவி வளர்க்கிறவரு. அது செத்தா அவரு சட்டியைத் திட்ட மாட்டாரு, ராசா. முட்டை பொரிக்க ஒண்ணை வச்சுக்கோ, மரக்கரண்டியோட, சின்னத் தீயில.

சட்டி வாங்கப் போறவன் பால்மரம் வெட்டினவன்கிட்ட யோசனை கேட்கணும்டா. ரப்பர் பாலுக்கும் செம்புக்கும் ஜென்மப் பகை. துளி செம்பு கலந்தாப் போதும், ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். அதனால பால் படுற இடத்துல பித்தளையை அண்ட விடக்கூடாதும்பாங்க. துரையோட ரப்பருக்கு அவ்வளவு பத்தியம்! நம்ம வயித்துக்குள்ள போற புளிக்குழம்பை மட்டும் ஈயம் தேய்ஞ்ச பித்தளையில கொதிக்க வைக்கலாமாம், களிம்பு ஏறினா ஏறட்டுமாம். கங்காணி ரப்பரைத்தானே கணக்குல எழுதினாரு, வயித்தையா எழுதினாரு? உன் பாட்டி பரண்ல வச்சிருக்கிற பித்தளைப் பானையைக் கேட்டு வாங்கிக்கோ. பொங்கலுக்கு வச்சுக்கலாம். ஆனா முதல்ல ஈயம் பூச ஆளைத் தேடு. அந்த ஆளு கிடைக்கிறதுக்குள்ள உனக்குப் பேரன் பிறந்துடுவான்.

அலுமினியத்துக்கும் புளி ஆகாது. தன்னையே கொஞ்சம் கரைச்சுக் குழம்புலயும் விடும். தண்ணி கொதிக்க வை, சோறு வடி, அத்தோட விட்டுடு. மீன் குழம்புக்கு மண்சட்டிதான். கோலா மூடாவுல காதோட காதா குசுகுசுன்னு ஏலம் கேட்டு வாங்குறாங்க பாரு, அந்த மீனு. அதைத் தகரம் மாதிரி மெலிசான சட்டியில போட்டு, தீய்ஞ்ச வாசம் தெரு முழுக்கப் பேசுற மாதிரி வைக்கிறீங்களே!

இரும்புன்னா உனக்கு இளக்காரம். பீடோங்குல இருந்து மெர்போக் போற பக்கம் சுங்கை பத்து இருக்குல்ல, அங்கே 2009-லிருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டித் தோண்டி, இரும்பு உருக்கின உலைகளையும் காத்து ஊதின மண்குழாய்களையும் எடுத்தாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அவ்வளவு காலமா இரும்பு தெரிஞ்ச மண்ணுல இருந்துக்கிட்டு நீ பூச்சுச் சட்டியில தோசை சுட்டு, மொறுமொறுன்னு வரலைன்னு மாவைத் திட்டுறே.

கல்லு வாங்கினா, கழுவித் துடைச்சு, எண்ணெயை மெலிசாத் தடவி, புகையுற வரைக்கும் காய வச்சு ஆற விடு. ரெண்டு மூணு தடவை செய். அப்புறம் பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டுத் தேய்ச்சுட்டு மாவை ஊத்து. முதல் தோசை கிழியும். புது மாப்பிள்ளை மாதிரிதான், பழகுற வரைக்கும் முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும். கழுவினதும் ஈரம் போகத் துடைச்சு வை, இல்லேன்னா மறுநாளே துரு.

சில்வர் சட்டி வேணும்னா மினுக்கைப் பார்க்காம தூக்கிப் பாரு. அந்த எஃகு சூட்டைச் சீராப் பரப்பாது. அடியில அலுமினியம் வச்சு அழுத்தின கனமான சட்டியா எடு. இண்டக்ஷன் அடுப்புன்னா பையில ஒரு காந்தம் கொண்டுபோய் அடியில ஒட்டுதான்னு பாரு. கடைக்காரன் முறைச்சா, தாத்தாவுக்குக் கிறுக்குன்னு சொல்லிடு.

வாங்கின பெட்டியைக் கிழிக்கலையே? உன் சித்தப்பன் மகன் கலியாணம் வருது. மிச்ச சட்டியெல்லாம் பளபளன்னுதானே இருக்கு?

ஒரு இரும்புக் குவாலி மட்டும் பெரிசா எடு. ரெண்டு பேருக்கு எதுக்குன்னு உன் பெண்டாட்டி கேட்டா, கடைக்காரன் சொன்னான்னு சொல்லு, என் பேரை இழுக்காதே. ஞாயித்துக்கிழமை நானும் உன் பாட்டியும் வர்றோம். எனக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், எலும்போட.