பிளக்கும் பிக்கப்பும்: ஒரு திணையியல் ஆய்வு

அமெரிக்காவில் 1977 முதல் விற்பனையில் முன்னிற்கும் பிக்கப் டிரக், ஃபோர்டின் எஃப் வரிசை. அதன் மின் வடிவமான எஃப்-150 லைட்னிங் 2022இல் மிச்சிகன் மாநிலத்து டியர்போர்ன் ஆலையிலிருந்து வெளிவந்தது. அதன் வேகம், விலை, இழுவைத் திறன் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதற்குச் சார்ஜ் போடுகிறவரின் ஒழுகலாறு எந்தத் திணையின்பாற்படும் என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை.

வீட்டில் சார்ஜ் போடுவது அகம், பொது நிலையத்தில் போடுவது புறம் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. பொது நிலையத்தில் மனம் படும் பாட்டை வெளியே சொல்ல முடியாது. ஆகவே இரண்டும் அகமே எனக் கொள்க.

முதலில் முல்லை, இருத்தல் அதன் உரிப்பொருள். அமெரிக்க வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண 120 வோல்ட் பிளக்கில் வண்டியைச் செருகினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 3 மைல் ஓடுவதற்கான மின்சாரம் ஏறும். ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தூரமும் அதுவே. எனவே வண்டி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது என்பது ஆய்வாளர் துணிபு. 131 கிலோவாட்-மணி கொண்ட பெரிய பேட்டரி காலியாகிவிட்டால், நிரம்ப 4 நாள் போதாது. பழைய முல்லையில் தலைவன் வினைமுடித்து வரும்வரை தலைவி ஆற்றியிருப்பாள். இங்கே தலைவன் கராஜை விட்டே கிளம்பவில்லை. 80 ஆம்பியர் சுவர்ச் சார்ஜர் பொருத்தினால் 19.2 கிலோவாட் வீதம் ஏறி ஓரிரவில் நிரம்பிவிடும். இலக்கியச் சுவைதான் குன்றும்.

பாலைக்கு நெடுஞ்சாலை வேண்டும், பின்னால் டிரெய்லரும் வேண்டும். உரிய பொருத்தங்கள் இருந்தால் 10,000 பவுண்டு வரை இழுக்கும். ஆனால் பெரிய டிரெய்லரைக் கட்டினால், 320 மைல் என்று சொல்லி விற்றது பாதியளவுக்குச் சுருங்கும். துயரம் அதோடு முடிவதில்லை. பெட்ரோல் பங்கில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். பெரும்பாலான சார்ஜ் நிலையங்களில் அப்படிப் போக வழியில்லை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் போட்டு, திரும்பி வந்து பூட்ட வேண்டும். ஒரே நிறுத்தத்தில் பிரிவும் உண்டு, கூடலும் உண்டு. இதைத் திணைமயக்கம் என்று ஒதுக்கும் புலவர்கள் ஒருமுறை மழையில் கழற்றிப் பார்க்கட்டும்.

ஊடல் என்றால் மருதம். 2024 முதல் ஃபோர்டு வண்டிகள் அடாப்டர் மாட்டிக்கொண்டு டெஸ்லா நிலையங்களில் சார்ஜ் பெறலாம். டெஸ்லா கார்களில் சார்ஜ் வாய் இடப்பக்கப் பின்கோடியில் இருப்பதால், அங்கே கேபிளையும் அதற்கேற்பக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். லைட்னிங்கின் வாயோ இடப்பக்க முன்சக்கரத்தருகே! தன் இடத்துக் கேபிள் எட்டாமல் பக்கத்து இடத்துக் கேபிளைப் பிடுங்கி, இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க நேர்கிறது. அப்போது டெஸ்லாக்காரர் பார்க்கும் பார்வைக்குப் புதிய துறை வகுக்கலாமா என யோசித்தேன். ‘வாயில் மறுத்தல்’ என்ற பழைய துறையே போதும்.

பனிக்காலத்தில் திரையில் மைல் எண் சரிவதைப் பார்த்து மினசோட்டாக்காரர் இரங்குவது நெய்தல். அங்கே கடல் இல்லை, ஏரிகள் உண்டு. பிளக் சரியாகப் பொருந்தி விளக்கு எரிவது குறிஞ்சி. விரித்துரைத்தல் சபைக்கு அழகன்று.

கருப்பொருள் ஒன்றே ஒன்று. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் பெட்டி, அடியில் நீர் வடியத் துளை. ஐஸைக் கொட்டிக் குளிர்பானம் அடுக்கலாம். நானிலத்தில் இப்படியொரு சுனை கிடையாது.

முழு மின் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்தது. அடுத்து வருவது பெட்ரோல் ஜெனரேட்டரையும் சுமந்து வருமாம். ஆய்வுப்பொருள் அருகிவருகிறது. பழைய வண்டியாவது வாங்கிக் களப்பணி செய்ய எண்ணும் அன்பர்கள், முதலில் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த 80 ஆம்பியர் சார்ஜர் கேட்கும் 100 ஆம்பியர் சர்க்யூட்டை உங்கள் வீட்டு மின்பெட்டி தாங்குமா என்று கேட்டுவிடுங்கள்.