ஒண்ணுமே சாப்பிடலை

இவரை எந்தக் குடியிருப்பிலும் தேடி அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு மாடிப்படி ஓரமாக நின்றால் போதும். முதலில் ஒரு குட்டி டவுசர் ஓடும். அதன் பின்னால் ஓர் எவர்சில்வர் கிண்ணம் வரும். கிண்ணத்துக்குப் பின்னால் மூச்சிரைக்க இவர் வருவார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் உடம்பு, வீட்டுக்காரர் வேலை, மாமியார் முழங்கால் எதைப் பற்றியும் பதில் வராது. "என்னத்தச் சொல்ல, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான்" என்பதுதான் வரும். ஆள் இரண்டரை வயது. அந்த நேரத்தில் அவன் எதிர்வீட்டுச் செருப்பு ஸ்டாண்டைத் தனியாளாக நகர்த்திக்கொண்டிருப்பான்.

ஒண்ணுமே சாப்பிடாதவனின் ஒரு நாளைப் பார்ப்போம். எழுந்ததும் ஒரு டம்ளர் பால். பால் குடிப்பதுதானே, சாப்பாட்டில் சேராது. எட்டு மணிக்கு இட்லி, அதுவும் சர்க்கரை தொட்டு. பாதியை வைத்துவிட்டதால் அதுவும் கணக்கில் வராது. பத்து மணிக்குத் தாத்தாவோடு கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட். அது தாத்தா கணக்கு. பதினொன்றுக்கு வாழைப்பழம். பன்னிரண்டுக்கு, "காலையிலேர்ந்து வெறும் வயிறு" என்று மறுபடியும் பால். ஒரு மணிக்குப் பருப்பு சாதம் நெய் மணக்க வந்து நிற்கும்போது பையன் வாயைப் பூட்டிக்கொள்கிறான். நானாக இருந்தாலும் பூட்டிக்கொள்வேன்.

டாக்டரிடம் போவார். டாக்டர் எடை பார்ப்பார், உயரம் பார்ப்பார், அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளி இருக்க வேண்டிய கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து இவர் முகத்தில் ஓர் ஏமாற்றம். பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோ ஏறினாலே போதும். அதற்குத் தக்கபடி பசியும் குறையத்தான் செய்யும். குறையாமல் பழைய வேகத்திலேயே வருடத்துக்கு மூன்று மடங்காக வளர்ந்தால் இரண்டு வயதில் 27 கிலோ, மூன்று வயதில் 81. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அப்பாவைவிடக் கனமாகப் போய் நிற்பான். டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, பாலை நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், பால் வயிற்றை அடைத்துவிடும், இரும்புச்சத்தும் குறையும் என்பார். இவர் வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "பசிக்கு ஒரு டானிக்கூட எழுதல. வேற டாக்டரப் பாக்கணும்" என்பார்.

சமையலறையில் நடப்பது மாறுவேடப் போட்டி. கேரட் இட்லிக்குள் ஒளிகிறது. பீட்ரூட் சப்பாத்தியாகி ரோஸ் நிறத்தில் வருகிறது. முருங்கைக்கீரை பொடியாகி அடைக்குள் போகிறது. முட்டை தோசை மாவில் கலந்து தோசை என்ற பெயரிலேயே நடமாடுகிறது. ஆனால் விமான நிலையச் சுங்கச் சோதனையில்கூட இவன் நாக்குக்கு ஈடு கிடையாது. ஒரு கவளத்தை வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி, உள்ளேயே ஏதோ விசாரணை நடத்தி, நெய்யையும் சாதத்தையும் விழுங்கிவிட்டு, மிளகளவு கீரைத் துணுக்கை மட்டும் நாக்கு நுனியில் கொண்டுவந்து காட்டுவான். அதில் ஒரு பருக்கை சாதம்கூட ஒட்டியிருக்காது.

"அவனுக்குக் கீரை பிடிக்காது" என்று அன்றே தீர்ப்பு எழுதியாகிவிடும். புதிதாக ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம், திணிக்காமல் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டே இருங்கள் என்பது இத்துறையில் ஆராய்ந்தவர்கள் சொல்வது. இங்கே மூன்றாவது தடவையிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டிலிருக்கும் பாகற்காயை ஒதுக்கித் தள்ளும் அப்பா மீது மட்டும் எந்த வழக்கும் கிடையாது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் ஒரு பாகப்பிரிவினை சொல்லியிருக்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. இந்த வீட்டில் பாகம் அப்படியே தலைகீழ். என்ன என்பதை அவன் முடிவு செய்கிறான். எப்போது என்பதும் அவன் சௌகரியம். எவ்வளவு என்பதை மட்டும் இவர் விடுவதாயில்லை. எங்கே என்றால், லிஃப்டில்.

தரைத்தளத்தில் ஏறினால் மாடிக்கு ஒரு வாய். பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டும்; வேறு யாராவது அழுத்திவிட்டால் மறுபடி கீழே போய் முதலிலிருந்து. ஆபீஸ் முடிந்து களைத்து வரும் மூன்றாம் மாடிக்காரர் பையைப் பிடித்துக்கொண்டு நாலாம் மாடி வரை போய்த் திரும்புகிறார். போகிற வழியில், "அங்கிளுக்காக ஒரு வாய்டா ராஜா" என்று அவர் பேரிலும் ஒரு கவளம் செலவாகிறது. கீழே வாட்ச்மேனுக்குப் பூச்சாண்டி வேலை. அதற்கென்று தனிப்படி கிடையாது. பையனோ பூச்சாண்டியின் மடியில் உட்கார்ந்து அவருடைய பொரியைத் தின்றுகொண்டிருப்பான்.

புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி ஒரு குழந்தை சாப்பிடுவதைக் காட்டுகிறான். குறுகுறு நடையில் வந்து, கையை நீட்டி, தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற குழந்தை. அந்த அரண்மனையில் யாரும் கிண்ணத்தோடு துரத்தியதாகத் தெரியவில்லை. இவர் வீட்டிலோ பையன் தட்டில் கை வைத்தால், "ஐயோ, சோபா!" என்று ஈரத்துணி பறந்து வரும். அந்த ராஜாவுக்குச் சோபா இல்லை, கொடுத்துவைத்தவர்.

பிள்ளை விட்ட மிச்சத்தை வீணாக்கலாமா? பாதி இட்லி, ஆறிய பருப்பு சாதம், ரோஸ் சப்பாத்தியின் ஓரம், எல்லாம் இவர் வயிற்றுக்குத்தான். எடை ஏறுவது யாருக்கு என்பதை டாக்டர் இதுவரை கேட்டதில்லை.

ஒருநாள் பையனைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போய் வந்தார். அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"அக்கா, எங்க பசங்களோட உக்காந்து மூணு தோசை சாப்பிட்டான். தானே பிச்சுச் சாப்பிட்டான்!"

இவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அப்படி என்ன மாவு அது?"

"காலையில நீங்க குடுத்தீங்களேக்கா, அந்த மாவுதான்."

ஒரு கணம் யோசித்தார்.

"தோசைதானே? சாதம் சாப்பிடலையே!"