தப்பு – 1 செட்

கறம்பக்குடியில் இருக்கும் என் அக்கா மகனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், லீட்ஸ் நகரத்து ‘கேங் ஆஃப் ஃபோர்’ இசைக்குழுவின் சரித்திரத்தை ஒப்பிப்பான். 1979இல் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில், பாட்டிலிருந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக பிபிசி நீட்டிய சொல்லைப் பாடமாட்டோம் என்று நடையைக் கட்டினார்களாம். சொல்லும்போதே அவனுக்குப் புல்லரிக்கிறது. எனக்கும் பிடித்த முறைப்புதான்.

“சரி மாப்ளே, போன வாரம் திருவிழாவுல விடிய விடியத் தப்பு அடிச்சாரே, அவரு பேரென்ன?”

“மேளக்காரரு, மாமா.”

கேட்ட எனக்கும் தெரியாது.

பேர் எழுதத் தெரியாத சீமையா இது? மொய் விருந்து போடும் சீமை. நூறு ரூபாய் வைத்தவரின் பேர், அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் நோட்டில் ஏறும். இருபது வருடம் கழித்தும் தேடி எடுப்போம். திருவிழா பிளக்ஸில் கைக்குழந்தைக்கும் கூலிங்கிளாஸ் மாட்டிப் படம் போடுவோம். தப்படிப்பவர் மட்டும் கணக்குத்தாளில், வாழைமரத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் நடுவே வருவார்: ‘தப்பு – 1 செட்.’ செலவுப் பக்கத்தில்.

இதை மறதி என்று சொன்னால் மொய் நோட்டே சிரிக்கும்.

மெத்தப் படித்த பட்டணத்துக்கும் இதே கைதான். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’தான் பேருக்கு மூலம். கானாவும் பறையும் ராப்பும் கலந்து இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். அந்தக் குழுவின் அறிவு 2021இல் எழுதி, பாடகி தீயோடு பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. ஊர் கூடிக் கேட்ட பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை. பந்தி முடிந்ததும் கொல்லைப்புறத்தில் இலை போடுவார்களே, அப்படி.

லீட்ஸ் பையன்கள் ‘மாட்டோம்’ என்றால் கலகம், வரலாறு. ‘சாவுக்கு அடிக்க மாட்டேன்’ என்று நம் கிராமத்தில் ஒருவர் சொன்னால் திமிர். அதற்கு உதை விழுந்த ஊர்கள் உண்டு. அந்த உதைக்கும் ஆண்டு, தேதி குறித்துவைக்க ஆளில்லை.

நேற்று எங்கள் தெருவில் ஒரு சாவு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளை ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திக்கொண்டு குரல் கொடுத்தான்:

“மாமா, மேளத்துக்குச் சொல்லியாச்சா?”