பிரீ-மெட்: இரண்டில் எது?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேரப் பொதுவாக 4 ஆண்டு இளநிலைப் பட்டம் வேண்டும். அந்த 4 ஆண்டில் மாணவர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பட்டம் ‘பிரீ-மெட்’. பெரும்பாலும் அது பாடப்பிரிவு அல்ல, எண்ணம் மட்டுமே. உயிரியல், வேதியியல், இயற்பியலை ஆய்வகத்தோடு முடித்தால், வரலாறு படிப்பவரும் பிரீ-மெட்தான்.

எங்கே படிப்பது என்று தேடினால், கடைசியில் கையில் நிற்பவை இரண்டு. புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணம் விழி பிதுங்க வைக்கும். வகுப்பில் எல்லோரும் பள்ளியில் முதல் வரிசைக்காரர்கள்; ஆனாலும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாதிப் பேரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் குறைவு. முதலாண்டு வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் இருப்பதால் பேராசிரியருக்கு முகம் தெரியாது. பரிந்துரைக் கடிதத்தில் மட்டும் அவர் மாணவரின் குணநலன்களை நெகிழ்ந்து வருணிக்க வேண்டும்.

அடுத்து, பல்கலைக்கழகங்கள் காட்டும் மருத்துவச் சேர்க்கை விகிதம்: விண்ணப்பித்த தம் மாணவரில் எத்தனை பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற கணக்கு. மதிப்பெண் குறைந்தவருக்குக் கல்லூரியின் பரிந்துரைக் குழு கடிதம் தர மறுத்தால் விகிதம் தானே உயரும். பாதி வழியில் பொருளாதாரத்துக்குத் தாவியவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வளாகத்தில் மருத்துவமனை இருப்பது கூடுதல் கவர்ச்சி. அங்கே சக்கர நாற்காலி தள்ளும் தன்னார்வப் பணிக்கும் போட்டி உண்டு.

முடிவில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வு. மதிப்பெண் 472 முதல் 528 வரை. எந்த வளாகத்தில் படித்தாலும் வினாத்தாள் சலுகை காட்டுவதில்லை.