எட்டு எம்.எம்.: ஒரு சல்லடைத் துளையின் சமூக வரலாறு

போடிநாயக்கனூர்க் கடையில் போய் "நூறு கிராம் ஏலக்காய் குடுங்க" என்றால் காய் உடனே வராது. "எத்தனை எம்.எம்.?" என்ற கேள்விதான் வரும். வெளியூர்க்காரர் விழிப்பார். உள்ளூர்க்காரர் "எட்டே போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணுவார். ஒரு சல்லடைத் துளையின் விட்டம் மளிகைச் சீட்டில் ஏறி உட்கார்ந்தது எப்படி? இந்தக் கேள்வியில் எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை கைவைக்காதது தமிழியலுக்குப் பேரிழப்பு என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் இலக்கணம். எட்டு மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் போட்டு எவ்வளவு ஆட்டினாலும் கீழே விழாத காயே எட்டு எம்.எம். காய். இது உயரமல்ல, இடுப்பளவு. இந்த நுட்பம் அறியாமல் பிள்ளையின் ஸ்கேலை எடுத்து நீளவாக்கில் வைத்துப் பார்த்து, "ரெண்டு சென்டிமீட்டர் இருக்கே, கடைக்காரன் ஏமாந்துட்டான்" என்று பூரிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் மகிழ்ச்சியைக் கெடுப்பது ஆய்வறம் ஆகாது.

அடுத்து மூலச் சான்று. நெடுங்காலமாக வழங்கிவரும் அக்மார்க் தரப்பட்டியலில் பச்சைக்காயின் உச்சத் தரத்துக்கு 'அலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்று பெயர். ஏலக்காய் விளைவதோ மலையில், ஆலப்புழையோ கடற்கரை. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் மலைச்சரக்கு அங்கே இறங்கி விலைபோனது. ஊர்ப்பெயர் காயோடு ஒட்டிக்கொண்டது. அந்த உச்சத் தரத்துக்கே 7 மில்லிமீட்டர் போதும். 'போல்டு' என்றால் 6, 'சுப்பீரியர்' என்றால் 5. ஆக, பட்டியலில் சிகரம் ஏழு, தெருவில் எட்டு. சர்க்கார் தராத அந்த ஒரு மில்லிமீட்டரை மக்களுக்கு வழங்கியவர் யார்?

இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் மேல்தான் சந்தேகம் விழுகிறது. அவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் மலை முழுக்கப் பரவியபின் பருத்த காய் சாதாரணமாகிவிட்டது. ஏழில் எல்லாரும் தேறினால் எட்டில் ஒரு பரீட்சை வைத்துத்தானே ஆகவேண்டும்?

எம்.எம். என்ற சொல் மலையிறங்கிய வழியும் தெளிவானது. விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகும் பெண்கள் ஒரு பக்கம். ஊருக்குள் முறத்தை மடியில் வைத்துக் காம்பையும் வெடித்த காயையும் பொறுக்கி ஒதுக்கும் பெண்கள் மறுபக்கம். இந்த இரு கூட்டமும் சந்திக்கும் இடம் குழாயடி. 2007இல் தொடங்கிய நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இப்போது போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. அங்கே விலையைத் திரை சொல்லும். குழாயடியில் சொல்வது எம்.எம்.தான். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, ஒரு மில்லிமீட்டர் என்பது தங்கத்தில் ஒரு குன்றிமணி மாதிரி ஆகிப்போனது.

இங்கே நம் ஆய்வின் முக்கிய முடிச்சு. காயின் தரத்தை உண்மையில் சொல்வது லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்தால் எத்தனை கிராம் என்பது கணக்கு. உச்சத் தரத்துக்கு 435 கிராம். பருத்த காய் உள்ளே பொக்காக இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். மணமெல்லாம் விதையில்தான் என்பதால் இதுவே நேர்மையான அளவு. ஆனால் இந்தச் சொல் குடோன் வாசலைத் தாண்டவில்லை. காரணம் எளிது: சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் லிட்டர் வெயிட் கண்ணுக்குத் தெரியாது, எம்.எம். தெரியும். அந்த எட்டு எம்.எம். காயையும் சம்பந்தியம்மாள் இடித்துப் பொடியாக்கித்தான் பாயசத்தில் போடுகிறார் என்பது வேறு விஷயம்.

விளம்பரம் கிடைத்தாலே ஒரு சொல் தெருவுக்கு வந்துவிடும் என்பாருக்கு எதிர்ச்சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி வைக்கும் நியூட்ரினோ திட்டத்துக்கு 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆர்ப்பாட்டம், நடைபயணம், வழக்கு, சுவரொட்டி என்று இத்தனை விளம்பரம் வேறெந்த அறிவியல் சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்தது? ஆனாலும் யாரும் யாரையும் 'போடா நியூட்ரினோ' என்று வைததாக நம் கள ஆய்வில் பதிவில்லை. எதிலும் ஒட்டாமல் ஊடுருவிப் போவது அந்தத் துகளின் குணம். சொல்லும் அப்படியே போயிற்று.

எட்டு எம்.எம். மட்டும் காயை விட்டு மற்றப் பண்டங்களுக்கும் தாவிவிட்டது. பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் பெரியவர் ஒருவர் வடையை விரலிடுக்கில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, நேத்து எட்டு எம்.எம். போட்ட, இன்னைக்கு ஆறுக்கு இறங்கிட்ட?" மாஸ்டர் அசரவில்லை. "லிட்டர் வெயிட் அதேதான் பெரியப்பா, தின்னு பாருங்க." குடோனுக்குள் முடங்கிக் கிடந்த சொல் வெளியே வந்ததற்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று இது. மாஸ்டர் முன்பு குடோனில் மூட்டை தூக்கியவர் என்று பின்னர் தெரிந்ததால் இதை முழுச் சான்றாக ஏற்பதற்கில்லை.

இப்போது சில பொட்டலங்களில் 'எட்டு எம்.எம். ப்ளஸ்' என்று அச்சாகி வருகிறது. அந்த ப்ளஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அது மனசைப் பொறுத்ததுண்ணே" என்றார். அதற்கு ஏற்ற சல்லடை கிடைத்ததும் இரண்டாம் பாகம் எழுதப்படும்.